ஓர் ஆள் கூடுதல்

பந்தியில் ஓர் இலை கூடுதலாக விழுகிறது என்று புகார் சொல்ல வந்தவர், கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஆவுடையப்பன். அவர் வந்த வேகத்தைப் பார்த்து சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

"மேடம், பந்தி பிரிச்சுக் குடுன்னு உங்க மிஷின்ட்ட கேட்டேன். மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு, சர்க்கரை வியாதிக்காரவுக, பேச்சுவார்த்தை இல்லாத மச்சினன்மாரு, எல்லாத்தையும் சொல்லித்தான் கேட்டேன். நல்லாத்தான் பிரிச்சிருக்கு. ஆனா பந்திக்குப் பந்தி ஒரு இலை கூட விழுது. யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கு."

"கல்யாணம்னா யாராவது கூப்பிடாம வரத்தான் செய்வாங்க அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியும். மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லாததால் எரிந்து விழுந்து அனுப்பிவிட்டேன். என் சுபாவம் அப்படி. பதில் தெரிந்தால் பொறுமையாகப் பேசுவேன், தெரியாவிட்டால் குரல் உயர்ந்துவிடும்.

என் பெயர் பேச்சியம்மாள். கடுங்குளிரில் பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். பாளையங்கோட்டையில் மாவட்டப் பொதுக் குவாண்டம் நிலையத்தைத் திறந்தபோது என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். எங்கள் இயந்திரம் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் பெரிய உலோகப் பாத்திரம். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் இருப்பதைப் போலவே இருப்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் அண்டா. அதன் அடிவயிற்றில், ஆகாயத்தின் இருட்டை விடக் குளிரான ஓரிடத்தில், கட்டைவிரல் நகமளவு ஒரு சிலிக்கான் சிப் இருக்கிறது. அதற்குள் லட்சக்கணக்கான எலக்ட்ரான்கள், அறைக்கு ஒன்றாக அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பம்பரம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நாம் பார்க்கும்வரை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிச்சயமின்மையைத்தான் நாங்கள் கணக்குப் போடப் பயன்படுத்துகிறோம்.

ஒரு காலத்தில் இந்த வித்தை பெரிய கம்பெனிகளுக்கும் ராணுவத்துக்கும் மட்டுமே எட்டியது. செல்போன் சிப் செய்கிற ஆலையிலேயே இதையும் செய்யலாம் என்று ஆன பிறகுதான் மாவட்டத்துக்கு ஓர் அண்டா வந்தது. குடும்ப அட்டை ஒன்றுக்குத் தினம் ஓர் ஓட்டம் இலவசம். ஓட்டம் என்றால் ஒரு கேள்வி, ஒரு கணக்கு, ஒரு பதில். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? லாரிக்கு வழி, பள்ளிக்கு நேரப் பட்டியல், நாற்று நட நாள், சீட்டாட்டத்தில் சந்தேகம் என்று சகலமும் வந்தன. ஜாதகப் பொருத்தம் பார்க்கக் கூடாது என்று பலகை வைத்தோம். பலகையை வாசித்துவிட்டு வந்து ஜாதகப் பொருத்தம் கேட்டார்கள்.

ஆவுடையப்பன் போன மறுவாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. தேர்வு அறை ஒவ்வொன்றிலும் ஓர் இருக்கை அதிகமாக இருக்கிறதாம். அடுத்து ரேஷன் லாரிக்குப் போட்டுக் கொடுத்த வழியில் ஒரு நிறுத்தம் கூடுதலாக வந்தது. கடையோ கிடங்கோ இல்லாத ஒரு தெருமுனை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீட்டுத் தெருமுனை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கு அரிசி போட அண்டாவுக்கு அவ்வளவு அக்கறையா என்று ரூபஸிடம் கேலியாகக் கேட்டேன்.

ரூபஸ் கனகராஜ் சிரிக்கவில்லை. அண்டாவைச் சுருதி சேர்க்கும் பொறியாளர் அவன். முப்பதை எட்டாத வயது. பதில்கள் வெளியே போகும் முன் சரிபார்ப்பதும் அவன் வேலைதான்.

"மேடம், சிப்பக் கழுவிருவோம். சூடாக்கி, பழையபடி குளிர வச்சா எல்லாம் சரியாயிரும். நான் முன்னாடியே சொல்லிட்டிருக்கேன்."

"மூணு வாரம் கதவச் சாத்தணும். வெளிய நிக்கிற கூட்டத்துக்கு நீ பதில் சொல்லுதியா?"

அவன் அண்டா அறைக்குப் போய்விட்டான்.

*

இந்த இடத்தில் மைதீன்பிச்சை பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனியார் பஸ்ஸில் நடத்துநர். ஐம்பது தாண்டியவர். மனைவி செய்யதம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கணவர் தன்னுடையதைத் தரத் தயார், ஆனால் பொருந்தவில்லை. இப்படிப் பொருந்தாத குடும்பங்கள் மாநிலம் முழுக்க இருந்தன. என் கணவர் உன் அம்மாவுக்குத் தரட்டும், உன் அண்ணன் என் தங்கைக்குத் தரட்டும் என்று அவர்களைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால் எல்லோருக்கும் கிடைக்கும். அந்தச் சங்கிலியைத் தேடுவது அண்டாவுக்கு ஏற்ற வேலை. சங்கிலியில் சேர விரும்புகிற யாரும் தங்கள் அட்டையில் ஓட்டம் விட்டுப் பார்க்கலாம். செய்யதம்மாளுக்குப் பலமுறை ரத்தம் ஏற்றி, அவர் உடம்பு எந்த அந்நிய உறுப்பையும் பகையாகப் பார்க்கிற நிலைக்கு வந்திருந்தது. அதனால் பாய்க்கு ஒன்றரை வருஷமாக வந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: சங்கிலி இல்லை.

ஆனாலும் அவர் தினமும் வருவார். முதல் ஆளாக வருவார். நாங்களும் அவரைத்தான் முதலில் விடுவோம். அதற்குக் காரணம் இரக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவர் கை ராசியான கை. திறந்த புதிதில் அவர் ஓட்டத்தோடு தொடங்கிய நாள்களில் அண்டா மக்கர் பண்ணாமல் ஓடியது. அவர் வராத இரண்டு நாள் படுத்துவிட்டது. அவ்வளவுதான், குவாண்டம் இயற்பியல் படித்த நாங்கள் பதினோரு பேரும் காய்கறிக் கடைக்காரர்களாகிவிட்டோம். பாய் போணி பண்ணாமல் கதவு திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று. பஸ் தாமதமானால் வரிசையையே காக்க வைப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாயின் ஓட்டத்துக்கு வேறு பதில் வந்தது. சங்கிலி இருக்கிறது.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "தங்கச்சி, இது நெசந்தானா? வாசிச்சுச் சொல்லுங்க, என் கண்ணுக்குப் பிடிபடல."

வாசித்தேன். நான்கு குடும்பங்கள். செய்யதம்மாளுக்கு ஒருவர் தருகிறார். பாய் தன்னுடையதை மதுரையில் இருக்கும் ஒருவருக்குத் தருகிறார். அங்கிருந்து கரூர், அங்கிருந்து வேலூர். எல்லாம் கச்சிதம். செய்யதம்மாளுக்குத் தரப்போகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. விவரம் இருந்தது: பெண், வயது நாற்பத்தொன்று, ஓ நெகட்டிவ், திசு எண்கள், எடை. உறவு: இல்லை.

"அல்லாவே காட்டிக் குடுத்துட்டான்," என்று பாய் அழுதார். நான் அவர் தோளைத் தொடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். சுகாதாரத் துறைக்குப் போன் செய்தோம். பதிவேட்டில் அப்படி ஒரு பெண் இல்லை. எந்த மாவட்டத்திலும் இல்லை.

*

"கசிவு மேடம்," என்றான் ரூபஸ். இயந்திர அறையின் கதவைச் சாத்தியிருந்தான். "சிலிக்கான்ல முக்கால்வாசி அணு சும்மா கிடக்கும். சில அணு மட்டும் உள்ளுக்குள்ள தானா சுத்திட்டிருக்கும். ஆராய்ச்சிக்கூடத்துச் சிப்புல அதையெல்லாம் வடிகட்டி எடுத்துருவாங்க. நமக்கு அனுப்புனது மலிவா வடிகட்டுனது. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"அது தெரியும். அந்த அணுக்கள் மந்தம். ஒரு பக்கம் திரும்பிட்டா லேசுல மாறாது. அதனாலதானே ஓட்டத்துக்கு ஓட்டம் சிப்புக்கு ஓய்வு விடுதோம்?"

"விட்டுட்டிருந்தோம். கூட்டம் சத்தம் போட்டதும் குறைச்சோம். இப்ப ஒரு ஆள் கேட்ட கேள்வியோட நிழல் சிப்புல மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஆள உள்ள விடுதோம். எப்பவாவதுன்னா பரவாயில்ல. தினமும் அதே ரெண்டு ஓட்டம், அதே வரிசையில, ஒன்னுக்குப் பின்னால ஒன்னு வந்தா?"

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அண்டாவில் பாய்க்கு முன்பு தினமும் ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு. அது எங்கள் சோதனை ஓட்டம். காலையில் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுப்போம். நோயாளிகளின் விவரத்தைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது என்பதால் திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஊழியர்கள் எங்கள் சொந்த விவரங்களையே உள்ளிட்டோம். வேலையில் சேரும்போது எடுத்த ரத்தப் பரிசோதனை எண்கள். பெயர் வேண்டாம், எண்கள் போதும். ஒவ்வொருவரும் தன்னுடையது ஒரு வரி, உறவினர் ஒருவருடையது ஒரு வரி. ஒருவர் அம்மாவைப் போட்டார், ஒருவர் கணவரை, ஒருவர் தங்கையை. எனக்கு அந்தக் கட்டத்தில் போட ஆள் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. கல்யாணம் ஒன்று நடந்து, நடந்த வேகத்தில் முடிந்தும் போயிற்று. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பு என்பதை அழுத்தினேன்.

ஆக, ஒன்றரை வருஷமாகத் தினமும் நாங்கள். உடனே செய்யதம்மாள். எங்கள் ராசி நம்பிக்கை, சம்பந்தமில்லாத இரண்டு கேள்விகளைத் தினமும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தியிருக்கிறது.

"அப்ப அந்தப் பெண் நம்ம ஆபீஸ் ஆளா?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"இருக்கலாம் மேடம். பேர் போடலையே." ரூபஸ் என்னைப் பார்க்காமல் பேசினான். "அது யாருன்னு நாம நோண்ட வேண்டாம். இது பதிலே இல்ல, அழுக்கு. கழுவிருவோம்."

மேலிடம் ஒத்துக்கொண்டது. மாதக் கடைசியில் அண்டாவைச் சூடாக்குவது என்று முடிவாயிற்று. சூடாக்கினால் அந்த வரி போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பெண் யார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. என்னைத் தவிர.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? நாற்பத்தொரு வயது, ஓ நெகட்டிவ் என்றால் மாநிலத்தில் நான் ஒருத்திதானா? அப்படி நாளுக்கு நாலு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாய் மட்டும் தினமும் வந்தார். ஓட்டம் விடுவார். பதில் வரும். திரையில் அந்த வெறும் பெயர்க் கட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இருக்காவ தங்கச்சி," என்பார். வீட்டில் படுத்திருக்கும் ஆளின் நலத்தைச் சொல்கிற தொனி. தலையசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

*

அண்டா நிறுத்தவில்லை. நகராட்சிக் குடிநீர்க் கணக்கில் ஒரு வீட்டு இணைப்பு கூடியது. ஊர் நூலகத்துப் புத்தகப் பங்கீட்டில் ஓர் உறுப்பினர் கூடினார். ஒரு கல்யாணத் தரகர், பலகையைப் பொருட்படுத்தாமல், இரண்டு ஜாதகத்துக்குப் பொருத்தம் கேட்டார். மூன்றாவதாக ஒரு ஜாதகம் வந்தது. விசாக நட்சத்திரம், துலா ராசி.

"இந்த மூணாவது பொண்ணு யாரு மேடம்? நல்ல ஜாதகமா இருக்கு," என்றார் தரகர்.

அது என் நட்சத்திரம். என் ராசி. இருபத்தேழு நட்சத்திரத்தில் ஒன்று அமைந்துபோவது பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேரும்போது கொடுத்த ரத்தப் பரிசோதனையில் நட்சத்திரம் எங்கே வரும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எழுந்ததை அமுக்கிவிட்டேன். அந்தக் கேள்வியோடு அந்த அறையில் வேலை பார்க்க முடியாது.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை விட மோசமான ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் யாரும் என்னை எதற்கும் தேடியதில்லை. நான் போகாத கல்யாணத்தில் நான் வரவில்லை என்று யாரும் கவனித்ததில்லை. இப்போது ஒரு பாத்திரம், பந்திக்குப் பந்தி எனக்கு இலை போட்டுக்கொண்டிருந்தது. நான் இல்லாவிட்டால் கணக்கு முடியாது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆனால் அழுகைதான் அதிகம்.

ஒரு காலை பாய் வரவில்லை. வரிசை காத்திருந்தது. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேலப்பாளையத்துக்கு வண்டியை விட்டேன்.

*

மத்தியான நேரம். வாசலில் நின்று கூப்பிட்டதும் செய்யதம்மாளே வந்து கதவைத் திறந்தார். முகம் ஊதி, கால் ஊதி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி இடது கை நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.

"வாங்கம்மா. அவுக மருந்து வாங்கப் போயிருக்காவ. முந்தா நேத்து எனக்கு மூச்சு முட்டிப்போச்சு, அதான் உங்க பக்கம் வர முடியல. உக்காருங்க."

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உள்ளே போய் ஒரு பெரிய தம்ளர் நிறைய நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். எதிரே உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதித்த தண்ணீர் அந்தத் தம்ளரை விடக் கொஞ்சம்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். குடிக்கக் கூச்சமாக இருந்தது.

"குடிங்க. மத்தவுக குடிக்கதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் தாகம் அடங்குது."

குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை அசைந்தது.

"நான் எதுக்கு வந்தேன்னா..." என்று தொடங்கினேன்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அது நீங்கதான்னு. அவுக முதல் நாளே வந்து சொல்லிட்டாவ. உங்க கழுத்துல தொங்குத அட்டையில ரத்த குரூப்பு போட்டிருக்காம்லா. வீட்டுல யாருமில்லன்னு நீங்களே ஒரு நாள் சொன்னியளாம்."

தம்ளரைக் கீழே வைத்தேன். தினமும் காலையில் என் எதிரில் நின்று, இன்னைக்கும் இருக்காவ என்று அவர் சொன்னது திரையைப் பார்த்து இல்லை.

"அப்புறம் ஏன் கேக்கல? இங்க நீங்க மூச்சு முட்டிக் கிடக்கிய, ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இருந்திருக்கிய!" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நாந்தான் கேக்க வேண்டாம்னேன். கேட்டா நீங்க இல்லன்னு சொல்லுவிய, இல்ல சரின்னு சொல்லுவிய. இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் அவுக மூஞ்சியில நீங்க எப்படி முழிப்பிய? சரின்னுட்டா உங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "உறுப்பு என்ன கைமாத்தா, அடுத்த வாரம் திருப்பித் தாரேன்னு சொல்லதுக்கு? நீங்க வரக் கூடாதுன்னுதான் துவா கேட்டுட்டிருந்தேன். மனசு ஒரு பக்கம் வரணும்னும் கேட்டுச்சு. அதையும் மறைக்கல."

நான் அங்கேயே அழுதேன். அவரும் அழுதார். பாய் மருந்துப் பையோடு வந்து வாசலில் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் திண்டாடிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரேன் பாய். மிஷின் சொல்லிச்சுன்னு இல்ல. நானா வாரேன்," என்றேன். அப்போது அதை முழுசாக நம்பித்தான் சொன்னேன்.

*

மருத்துவமனைப் பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. இவ்வளவு பொருத்தம் கூடப்பிறந்தவர்களுக்கே அமைவது அபூர்வம் என்றார் டாக்டர். மயக்க ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். விழித்தபோது வலி இருந்தது, அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடந்த மாதிரி இல்லை. நான்கு ஊர்களில் நான்கு பேர் பிழைத்தார்கள். நான்காம் நாள் சக்கர நாற்காலியில் வந்த செய்யதம்மாள் என் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் முழுசாகக் குடித்துக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இதற்குள் அண்டாவைச் சூடாக்கிக் கழுவிக் குளிர வைத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்த காலையில் ரூபஸ் இயந்திர அறையில் இருந்தான். புதிய சோதனைக் கணக்கு தயார் செய்கிறானாம். இனிமேல் சொந்த ரத்தம் வேண்டாம், கற்பனை எண்களே போதும் என்று முடிவாகியிருந்தது. மெல்ல அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தையல் இன்னும் இழுத்தது.

"பழசெல்லாம் அழிச்சிட்டியா?"

"அழிக்கணும் மேடம்." அவன் கை விசைப்பலகை மேல் இருந்தது, ஆனால் அசையவில்லை. "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். சொல்லாம இருந்திரலாம்னுதான் பார்த்தேன்."

"சொல்லு."

"சோதனைக் கணக்குல நீங்க இல்ல."

"என்னல சொல்லுத? நானே என் கையால போட்டேன்."

"போட்டீங்க. உறவுக் கட்டம் காலியா இருந்துச்சுல்லா. ஜோடி இல்லாத வரிய எடுத்துக்கிடாதுன்னு அண்டாவுக்கு முன்னால எண்ண வாங்கிக்கிடுத சாதாக் கம்ப்யூட்டர்ல ஒரு விதி இருக்கு. அது உங்க வரிய அன்னைக்கே தள்ளிருச்சு. யாருக்கும் சொல்லவும் இல்ல. உங்க எண்ணுல ஒன்னு கூட அண்டாவுக்குள்ள போகல மேடம். ஒரு நாள் கூடப் போகல."

குளிர்விப்பான் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. சிலிக்கானில் மிச்சமிருந்த அணுக்கள், ஓய்வு குறைந்த ஓட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திய இரண்டு கேள்விகள் என்று நான் நம்பியிருந்த காரணம் அத்தனையும் போய்விட்டது. என் வயிற்றில் காரணமில்லாத ஒரு தையல் மட்டும் இருந்தது.

"அப்ப அதுக்கு என்ன எப்படித் தெரியும்?"

"தெரியல." அவன் பழைய பட்டியலைத் திரையில் திறந்து காட்டினான். "பதினோரு பேர்ல ஒன்பது பேர்தான் உள்ள போயிருக்கு. இன்னொரு வரியும் தள்ளுபடி. அது என்னோடது. எனக்கும் அந்தக் கட்டத்துல எழுத ஆள் இல்ல. நான் அனாதை இல்லத்துல வளந்தவன்னு உங்களுக்குத் தெரியும்லா."

தெரியும். ஆனால் அவன் ஏன் இதைச் சொல்கிறான் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"நாம திறந்த புதுசு மேடம். ஓய்வெல்லாம் அப்ப முழுசா விட்டுட்டிருந்தோம், ஒரு கசிவும் கிடையாது. கீழநத்தத்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க, மகனுக்காக. ஒரு நாள் அவங்க ஓட்டத்துக்குச் சங்கிலி இருக்குன்னு வந்துச்சு. ஒரு ஆள் கூடுதல். ஆண், வயசு இருபத்தெட்டு, ஏ பாசிட்டிவ். உறவு இல்லை." கழுத்தில் தொங்கிய தன் அட்டையை அவன் உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தான். "பதில் வெளிய போறதுக்கு முன்னாடி நாந்தானே பாக்கேன். பிழைன்னு எழுதி அழிச்சிட்டேன். அவங்களுக்குச் சங்கிலி இல்லைன்னு அனுப்புனேன். மறுநாளும் வந்துச்சு. மறுநாளும் அழிச்சேன். அப்புறம் ஒரு நாள் தானா நின்னுருச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை சேர ஆரம்பித்திருந்தது. கதவு திறக்க நேரமாகிவிட்டது என்று யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள்.

"அந்த அம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் வந்தாங்க," என்றான் ரூபஸ். "இப்ப வர்றதில்ல மேடம்."